மிச்சம் இரண்டு முடிச்சு

என் கழுத்தில் கிடக்கும் தாலியில் ஒரு முடிச்சுதான் இருக்கிறது. மூன்று இருக்க வேண்டும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போடுவாள். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அந்த இரண்டும் எனக்கு விழவில்லை. கடையத்தில் எங்கள் தெருவில் போகிற வருகிற பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிடரியைப் பார்க்கிறார்கள். ஆடிக்குக் கூட்டி வந்திருக்கிறோம் என்று அம்மா சொல்லிச் சமாளிக்கிறாள். புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம்தானே, கேட்கிறவர்களும் தலையாட்டிக்கொள்கிறார்கள். கல்யாணத்தன்றே, ஆனி மாதமே, நான் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டேன் என்பதை மட்டும் அம்மா சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை பெயர் புவனேஷ். அச்சன்புதூர்க்காரன். தென்காசியில் ஒரு பைக் ஷோரூமில் வேலை. கட்டிய புருஷனை அவன் இவன் என்று எழுதலாமா என்று யாருக்காவது உறுத்தினால் உறுத்தட்டும். ஒரு முடிச்சுக்கு இவ்வளவு மரியாதை போதும்.

அவனைவிட அவன் அக்காவைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சந்தனமாரி. குற்றாலத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். கடையின் பின்கட்டிலேயே வீடு. என் கல்யாணப் பட்டுக்குச் சட்டை தைத்தது அவள்தான். நிச்சயத்தன்று அவளை நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவள் திருநங்கை, பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனவள் என்பதை நிச்சயம் முடிந்தபிறகு புவனேஷே போனில் சொன்னான். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சின்ன வயதில் தெருப் பயல்கள் அக்காவைக் கேலி செய்தால் இவன் கல்லெடுத்து எறிவானாம், ஒருவனுக்கு மண்டையே உடைந்ததாம். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்தக் கதையைக் கேட்டுத்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை.

அளவு கொடுக்கப் போன அன்றைக்கு அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் மதினி என்றேன். புருஷனுக்கு அக்கா என்றால் மதினிதானே. அளவு நாடாவை என் தோளில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "இந்தப் பேரச் சொல்லி என்னைய யாரும் கூப்ட்டதில்லட்டி" என்றாள். மறுபடியும் ஒரு தடவை கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன். அதற்கப்புறம் கை சரியில்லை, கழுத்து சரியில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு நான் அடிக்கடி போனேன். சட்டை முதல் தடவையே கச்சிதமாகத்தான் இருந்தது.

அவள் கடைக்கு ஷட்டர் எப்போதும் பாதிதான் திறந்திருக்கும். ஏன் என்று ஒரு நாள் எனக்கே புரிந்தது. ஊக்கு குத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். சந்துக்குள் ஒரு பைக் வேகம் குறைந்து வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கடைக்குள் குனிந்து பார்த்துக் கத்தினான். "ஒம்பதாம் நம்பர் பஸ் வருது, ஓரமா நில்லு." இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். மதினி வாயில் கவ்வியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். அப்புறம் அளவு பார்ப்பதைத் தொடர்ந்தாள்.

அந்த வசனம் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் அவர்கள் புண்ணியம் செய்தவர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காமெடிப் படம். அதில் திருநங்கை ஒருத்தி தெருவில் நடந்து வருவாள். காமெடியன் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி ஒரு கையை வைத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி, மறு கையால் கூட்டத்தை விலக்கி இதைச் சொல்வான். தியேட்டரில் கைதட்டல். ஒம்பது என்றால் என்ன அர்த்தம் என்று பாலர்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். படம் ஓடி முடிந்தது, வசனம் ஓடி முடியவில்லை. ரீல்ஸில் போட்டார்கள், டீ-சர்ட்டில் அடித்தார்கள், கிரிக்கெட் பந்தயத்தில் அவுட்டானவனைப் பார்த்துக் கத்தினார்கள். நான் வேலை பார்க்கும் ஆலங்குளம் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட அதையே சொல்வார்கள். அதை எழுதியவன் எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான். குற்றாலத்துச் சந்தில் ஒருத்தி அதற்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது. தெரிந்தாலும் அதையும் ஒரு சீனாக வைப்பான்.

அந்தப் படம் வருவதற்கு முன்னால் சந்தில் அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்களாம். படம் வந்தபிறகு பிள்ளைகள் கடை வாசலிலேயே ஸ்டியரிங் பிடித்து ஆடினார்கள். தாய்மார்கள் சும்மா இரு என்று அதட்டினார்கள், ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதட்டினார்கள். "பிள்ளைய மேல எனக்குக் கோவம் இல்லட்டி. அந்தச் சிரிப்புதான் செமிக்கவே மாட்டுக்கு" என்று மதினி சொன்னாள்.

நாத்தனார் முடிச்சு யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது, புவனேஷின் சித்தி மகள் போடட்டும் என்று அவன் அப்பா சுடலைமாடன் முடிவு செய்திருந்தார். சொந்த அக்கா இருக்கும்போது சித்தி மகள் எதற்கு என்று நான் கேட்டேன். பெண் வீட்டிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தார், பிறகு உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். புவனேஷுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு பேருமாகக் குற்றாலத்துக்குப் போய்ச் சொன்னோம்.

மதினி உடனே சரி என்று சொல்லவில்லை. துணி வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வருதேன், முடிச்சு போடுதேன், போயிருதேன். பந்தியில உக்காரச் சொல்லாதீய. அங்கன வச்சு எவனும் என்னைய ஒரு வார்த்தை சொல்லப்பிடாது. அது ஒண்ணுதான் கேக்கேன்" என்றாள்.

"எவன்க்கா சொல்லுவான்? நான் இருக்கேன்லா" என்றான் புவனேஷ்.

அவன் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னான்.

கல்யாணம் தென்காசியில். விடிகிற நேரத்துக்கு எங்கள் வேன் மண்டபத்துக்கு முன்னால் போய் நின்றது. நான் முதலில் பார்த்தது அந்த ஃப்ளெக்ஸைத்தான். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பத்திரிகைகூட இல்லாமல் நடந்துவிடும், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வைக்கிற ஃப்ளெக்ஸ் இல்லாமல் நடக்காது. மாப்பிள்ளையை எவ்வளவு கேவலப்படுத்தி அடிக்கிறார்களோ அவ்வளவு பாசம் என்று கணக்கு. கைதி, ஆயுள் தண்டனை, சிக்கிய ஆடு என்றெல்லாம் அடிப்பார்கள், மாப்பிள்ளையும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான். அது எனக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் இதில் ஒரு பெரிய பஸ் போட்டிருந்தது. டிரைவர் சீட்டில் கூலிங் கிளாஸ் போட்ட புவனேஷ். ஜன்னல்களில் கூட்டாளிகளின் தலைகள். பஸ்ஸின் நெற்றியில் ஒன்பது. கீழே ஆள் உயர எழுத்தில், ‘ஒம்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு இன்னைக்கு கல்யாணம், எல்லாவனும் ஓரமா நில்லுங்கலே’ என்று எழுதியிருந்தார்கள்.

நான் வேனுக்குள் இருந்தே புவனேஷுக்குப் போன் போட்டேன். அதை உடனே கழற்றச் சொன்னேன். அவன் சிரித்தான். ஆசையாக வைத்திருக்கிறார்கள், வேலை மெனக்கெட்டு ராத்திரியெல்லாம் கட்டியிருக்கிறார்கள், இப்போது போய்க் கழற்றச் சொன்னால் மூஞ்சியைத் தூக்குவார்கள் என்றான். அது கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குரூப் பெயர்தானாம், ஒன்பது பேர் இருப்பதால் அப்படி வைத்தார்களாம். நான் வேன் ஜன்னல் வழியாக ஃப்ளெக்ஸில் இருந்த தலைகளை எண்ணினேன். அவனையும் சேர்த்துப் பதினொன்று இருந்தது. அதைச் சொன்னேன்.

"மதினி இதப் பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றேன்.

"யக்காவப் பின்வாசல் வழியா வரச் சொல்லிருதேன். சமையல்கட்டுப் பக்கம் இது தெரியாது" என்றான்.

இதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்கா பின்வாசல் வழியாக வர வேண்டுமாம், ஃப்ளெக்ஸ் முன்வாசலில் நிற்க வேண்டுமாம். என்னைப் பெற்ற அய்யா பிச்சுமணியிடம் ஓடிப்போய், நாமே ஆள் வைத்து அறுத்துப் போட்டுவிடலாம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் வைத்ததில் பெண் வீட்டார் கை வைக்கக் கூடாது, அது சண்டையில் போய் முடியும், நீ போய் அலங்காரத்துக்கு உட்கார் என்று விரட்டிவிட்டார்.

மணமகள் அறை மாடியில் இருந்தது. அதன் ஜன்னலில் இருந்து வாசலும் தெரியும், உள்ளே திரும்பினால் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கூடமும் மணவறையும் தெரியும். அலங்காரம் செய்கிற பெண் தலையை ஆட்டாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி ஆட்டோவில் வந்து முன்வாசலில்தான் இறங்கினாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ. ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று மேலே இருந்து கீழே வரைக்கும் படித்தாள். அவளுக்குப் போன் போட்டுத் திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். தம்பி கல்யாணத்துக்காக அதையும் விழுங்கிவிட்டாள். வரவேற்பில் நின்றவர்கள் சந்தனத்தை நீட்டாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளே தொட்டு வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கூடத்துக்குள் நுழைகிற நேரம் வந்தது. முன்னால் நாகசுரம், நடுவில் மாலையும் கழுத்துமாகப் புவனேஷ், அவனுக்கு ஒரு எட்டு முன்னால் தாலித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மதினி. அவளைப் பார்க்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. முதுகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், மணவறையை மட்டும் பார்த்து நடந்தாள்.

மேளக்காரர்கள் கொஞ்சம் நிறுத்தியதும் மைக் செட்டில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. மைக் செட்டுக்காரர் மசூது தன் ஆம்ப்ளிஃபயர் பெட்டிப் பக்கம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவது மாடியில் இருந்தே தெரிந்தது. கூட்டாளி ரவி தன் போனை ஸ்பீக்கரோடு சேர்த்துவிட்டிருந்தான். மாப்பிள்ளை நுழையும்போது போடுவது என்று முன்னாடியே பேசி வைத்ததாம். அந்தக் காமெடியனின் குரல் கூடம் முழுக்க அதிர்ந்தது. ஒம்பதாம் நம்பர் பஸ் வருது, ஓரமா நில்லு.

ஒரு விநாடி யாருக்கும் எதுவும் ஓடவில்லை. பிறகு முன்னால் நடப்பது யார் என்று எல்லாருக்கும் உறைத்தது. நாற்காலி வரிசைகளில் சிரிப்பு ஓடியது. வாயைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு, மூடாமல் சிரித்தவர்கள் உண்டு. என் சொந்தக்காரர்களும் அதில் உண்டு, அவர்கள் முகம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. எல்லாருடைய கண்ணும் மதினி மேல் இருந்தது. மதினி திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

புவனேஷ் ஆடினான். ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து, இடுப்பை ஆட்டி, மறு கையால் கூட்டத்தை விலக்கி, சிரித்துக்கொண்டே ஆடினான். எத்தனை கல்யாணத்தில் ஆடியிருப்பான். சத்தம் கேட்டதும் கை கால் தானாக எழும்பிவிட்டது. அக்கா தன்னைப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.

மதினி அழவில்லை. முன்வரிசையில் நின்ற சுடலைமாடனிடம் போனாள். "அப்பா, இதப் பிடிங்க" என்று தாலித் தட்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார். அவள் வந்த வழியே, முன்வாசல் வழியே, அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டிப் போய்விட்டாள்.

பிறகு முகூர்த்த நேரம் முகூர்த்த நேரம் என்று எல்லாரும் பறந்தார்கள். என்னைக் கீழே கூட்டி வந்து அவன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மதினி ஏன் போனாள் என்று அவனிடம் கேட்டேன். அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கத்தான் கேட்டேன். சின்ன விஷயம், பயல்கள் டயலாக் போட்டுவிட்டார்கள், அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று ஓமப் புகைக்கு நடுவில் முணுமுணுத்தான். நான் அப்போதே எழுந்திருக்க வேண்டும். அய்யா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது, என் தலை குனிந்துவிட்டது. முதல் முடிச்சு விழுந்தது.

அடுத்து சித்தி மகள் என் பின்னால் வந்து நின்றாள். அவள் விரல் கழுத்தில் பட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றின் இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல யாரும் கை வைக்கப்பிடாது. மதினி வந்து போடட்டும்" என்றேன்.

மைக் எனக்கு முன்னால்தான் இருந்தது போலிருக்கிறது, அது கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. மேளம் நின்றது. பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அபசகுனம் என்றார்கள். அத்தை ஒருத்தி என் கையைப் பிரிக்கப் பார்த்தாள், நகத்தால் பிறாண்டிவிட்டேன். அவன் கூட்டாளிகள் சினிமா பார்ப்பது மாதிரி போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஐயர்தான், ஒரு முடிச்சு விழுந்தால் கல்யாணம் கல்யாணம்தான், மற்றதை நாத்தனார் வந்து போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லி எல்லாரையும் உட்கார வைத்தார். அம்மா அழுதுகொண்டே வந்து, கயிறு நழுவாமல் இருக்க முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டாள்.

சாப்பிட்ட கை காயாமல் குற்றாலத்துக்குப் புறப்பட்டோம். மதினி முடிச்சு போடாமல் அச்சன்புதூர் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன், வேறு வழியில்லை. பூ வைத்துக் கட்டிய கல்யாணக் கார். ஓட்டியது ரவி. அவன் வழியில் ஒரே ஒரு தடவை, சும்மா காமெடிக்குப் போட்டதுதான் தங்கச்சி, மனசில் ஒன்றும் இல்லை என்றான். மனசில் ஒன்றும் இல்லாதவனை எங்கே கொண்டு போய் வைக்க என்று கேட்டேன்.

சீசன் கூட்டம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. துண்டும் எண்ணெயுமாக ஜனங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். சந்து முனையில் எங்களை இறக்கிவிட்டு ரவி காரிலேயே இருந்தான்.

ஷட்டர் அன்றைக்கு முக்கால்வாசி இறங்கியிருந்தது. குனிந்துதான் உள்ளே போனோம். மதினி பட்டுச் சேலையை அவிழ்த்துவிட்டு நைட்டியில் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையில் பூ மட்டும் அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்தும் காலை எடுக்கவில்லை, அந்த ஓரத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

புவனேஷ் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அதில் நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யக்கா, அது படத்துல வாற டயலாக்குக்கா. ஒன்னைய சொல்லலக்கா. சத்தியமா ஒன்னைய நெனைச்சு ஆடல."

"என்னைய சொல்லலன்னா வேற யாரைலே சொன்ன?" என்றாள் மதினி. சத்தம் போடாமல் கேட்டாள். "அந்த வார்த்தைக்கு நம்ம வீட்டுல வேற ஆளு இருக்கா? ரோட்டுல போறவன் கத்துதான், அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. ஒனக்குத் தெரியும்லா. நாலு வருசமா ஒங்கூட்டத்துல இதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்க. அதச் சொல்லும்போது ஒரு நாளும் ஒனக்கு எம்முகம் வரலியாலே?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் அவன் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. ஒம்பதாம் நம்பர் பஸ் வருது, ஓரமா நில்லு. ஒம்பதாம் நம்பர் பஸ் வருது, ஓரமா நில்லு.

அதுதான் அவனுடைய ரிங்டோன். கூட்டாளிகள் கூப்பிட்டால் மட்டும் அது வருகிற மாதிரி வைத்திருந்திருக்கிறான். நான் அவனோடு பெரும்பாலும் போனில்தான் பேசினேன், அதனால் அதைக் கேட்டதில்லை. கழுத்து மாலை பட்டுச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு போன் கைக்கு வரவில்லை. அவன் இழுக்க இழுக்க அது மூன்று தடவை சொல்லி முடித்தது. போலீஸ்காரர் காரை எடுக்கச் சொல்கிறார் என்று ரவி கூப்பிட்டிருக்கிறான். மதினி தம்பியைப் பார்க்கவில்லை. ஷட்டருக்குக் கீழே தெரிந்த சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வெளிய இரு" என்றாள் அவனிடம். அவன் குனிந்து வெளியே போனான்.

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டினேன். ஊக்கைக் கழற்றிக் கயிற்றைப் பின்னால் விட்டேன். "நீங்க போடுங்க மதினி. அவருக்காக வேண்டாம். எனக்காகப் போடுங்க" என்றேன்.

அவள் விரல் முடிச்சைத் தொட்டது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நுனிகளை எடுத்தாள், சேர்த்தாள். போட்டுவிடுவாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு நுனிகளை விட்டுவிட்டாள்.

"வேண்டாம்ட்டி. ஒத்த முடிச்சு இழுத்தா வந்துரும். இன்னும் ரெண்டு விழுந்துட்டா வெட்டித்தான் எடுக்கணும். ஒனக்கு அவுக்குததுக்கு ஒரு வழி இருக்கட்டும்."

நான் அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான், ஆனால் அழுகை அழுகைதானே. அவள் என் முகத்தைப் புடவைத் துண்டு ஒன்றால் துடைத்துவிட்டு, அதே ஊக்கை எடுத்து, அம்மா குத்தியதைவிட நேர்த்தியாகக் குத்திவிட்டாள். சட்டையின் முதுகுப் பக்கம் ஒரு இடத்தில் நூல் பிரிந்திருந்தது. அதையும் உட்கார வைத்துத் தைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

வெளியே புவனேஷ் சாரலில் நனைந்துகொண்டு நின்றான். போனைக் காட்டினான். ரிங்டோனை மாற்றிவிட்டானாம், குரூப்பில் இருந்து வெளியே வந்துவிட்டானாம், ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டானாம். இனிமேல் செத்தாலும் அதைச் சொல்ல மாட்டேன் என்றான். இன்னும் என்ன செய்ய வேண்டும் சொல், எது சொன்னாலும் செய்கிறேன் என்று என் கையைப் பிடித்தான்.

"சாயந்தரம் அச்சன்புதூர்ல ரிசப்சன். அதே மைக் செட்டு, அதே கூட்டம், அதே கூட்டாளிக. சந்தனமாரி எங்க அக்கா, அவளை அசிங்கப்படுத்திட்டேன், நான் செஞ்சது தப்புன்னு அந்த மைக்குல சொல்லுங்க. மதினி கால்ல விழுந்தாவது நானே கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"மைக்குலயா?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் யோசித்துக்கொண்டிருந்தான். ரவி என்ன சொல்வான், மற்றவர்கள் என்ன சொல்வார்கள், அடுத்த கல்யாணத்தில் என்ன ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஓடியது. காலையில் அந்த வார்த்தை அதே மைக்கில் வந்தபோது இவனுக்கு இந்த யோசனை ஒன்றும் வரவில்லை.

நான் கையை உருவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவன் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டான், எல்லாரும் பார்க்கிறார்கள் என்றான். ஈரத் துண்டோடு போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள்தான். தென்காசி பஸ் ஒன்று புறப்படுகிற நிலையில் நின்றது, ஏறிவிட்டேன்.

கண்டக்டர் என் மாலையையும் பட்டுச் சேலையையும் பார்த்தார். பின்னால் யாராவது ஏறுகிறார்களா என்று படிக்கட்டைப் பார்த்தார்.

"ரெண்டாம்மா?" என்றார்.

"ஒண்ணு போதும்" என்றேன்.